சொம்பைத் திறந்து வையுங்கள்

நேற்று எங்கே விட்டோம்? சமீக முனிவர் கழுத்தில் பரீட்சித்து ராஜா போட்ட செத்த பாம்பு. ஆமாம், அங்கேதான். முன்வரிசையில் இருக்கிற குழந்தை சரியாகச் சொல்லிவிட்டது. பெரியவர்களெல்லாம் சுண்டல் ஞாபகத்தில் இருக்கிறீர்கள்.

பின்னால் ஒரு அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள் தாயே. ஏன் எழுந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசல் பலகையில் 'இன்று: அந்திம காலம்' என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே, வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருக்கிறதே என்று மனசு பதறுகிறது. பதற வேண்டாம். பாகவதம் பன்னிரண்டு ஸ்கந்தம், 18,000 சுலோகம். அத்தனையும் யாருக்குச் சொன்னது? சாகப் போகிற ஒருத்தனுக்குச் சொன்னது. வெண்ணெய் திருடியது, மண்ணைத் தின்றது, கோவர்த்தனத்தைத் தூக்கியது, எல்லாவற்றையும் கேட்டுச் சிரிக்கிறோம். கேட்டவனுக்கு ஏழு நாள்தான் பாக்கி என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். அவன் கேட்டதால் நமக்குக் கிருஷ்ணன் கிடைத்தான். இதில் அபசகுனம் எங்கேயிருந்து வந்தது? உட்காருங்கள், உட்காருங்கள்.

சரி. சமீகர் பிள்ளை சிருங்கி ராஜாவைச் சபித்துவிட்டான். இன்றைக்கு ஏழாம் நாள் பாம்பரசன் தட்சகன் கடிப்பான். அரண்மனைக்குச் செய்தி வந்துவிட்டது.

இதே கதை பாரதத்திலும் இருக்கிறது, ஆதி பர்வத்தில். அங்கே பரீட்சித்து என்ன செய்தான்? மந்திரிகளைக் கூப்பிட்டான். ஒற்றைத் தூணை நாட்டி அதன்மேல் மாளிகை கட்டினான். சுற்றிலும் வைத்தியர்கள், மூலிகைகள், மந்திரம் தெரிந்தவர்கள், காவல். விஷத்தை இறக்கத் தெரிந்த காசியபர் என்று ஒருத்தர் ராஜாவைக் காப்பாற்றலாம் என்று வந்துகொண்டிருந்தார். வழியிலேயே அவர் கையில் பொருளைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டான் தட்சகன். ஏழாம் நாள் சூரியன் சாயப் போகிறது. அப்பாடா என்று பழத்தை எடுக்கிறான் ராஜா. பழத்துக்குள்ளே ஒரு சின்னப் புழு. அவ்வளவுதான்.

பாகவதத்திலும் அதே பரீட்சித்து, அதே சாபம், அதே ஏழு நாள். ஆனால் மாளிகை இல்லை, தூண் இல்லை. கங்கையின் தென்கரையில் தர்ப்பையைப் போட்டு வடக்கு முகமாக உட்கார்ந்துவிட்டான். எப்படி உட்கார முடிந்தது? அந்த இடத்தில் வியாசர் ஒரு விசேஷணம் போடுகிறார், நாம் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். பாரத்தைப் பிள்ளையிடம் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தானாம். ராஜ்யத்தை ஜனமேஜயனிடம் ஒப்படைத்தாயிற்று. கஜானா சாவி, சேனை, எல்லாம் கொடுத்தாயிற்று. முதலில் ஜனமேஜயன், அப்புறம் கங்கை. எல்லோரும் ஒரு தடவை சொல்லுங்கள். முதலில் ஜனமேஜயன், அப்புறம் கங்கை. பாகவதம் சொல்லச் சுகப்பிரம்மமே வந்தாலும், 'மேலண்டை நிலத்துப் பத்திரத்தை எங்கே வைத்தேன்' என்று யோசித்துக்கொண்டிருப்பவனுக்கு என்னத்தைச் சொல்ல முடியும்?

இங்கே திருக்கடையூருக்குப் போய் அறுபது பண்ணிக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள். அடேயப்பா. எண்பது, சதாபிஷேகம் ஆனவர்கள்? மூன்று பேர், நமஸ்காரம். கையைக் கீழே போடாதீர்கள். உயில் எழுதியவர்கள் மட்டும் தூக்கியபடியே இருங்கள்... பார்த்தீர்களா? மார்க்கண்டேயனை எமன் பாசக்கயிற்றிலிருந்து மீட்ட சந்நிதியில் போய்க் கலச தீர்த்தத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டோம், நமக்கும் வயசு பதினாறிலேயே நின்றுவிடும் என்று நினைத்துவிட்டோம்.

உயில் எழுதப் பெரிய செலவு இல்லை. வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். சுய நினைவோடு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து வாங்கப் போகிற பிள்ளையையே சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பின்னால் ஒருத்தன் 'இது அப்பா கையெழுத்தே இல்லை' என்று நிற்க மாட்டான்.

அங்கே ஒரு பெரியவர் என்னவோ கேட்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா. "எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் யாரு மதிப்பா?" நியாயமான பயம். ஆனால் ஐயா, உயில் வேறு, செட்டில்மென்ட் வேறு. செட்டில்மென்ட் பத்திரம் போட்டால் சொத்து அப்போதே கை மாறிவிடுகிறது. உயில் நாம் கண்ணை மூடின பிறகுதான் பேசும். அதுவரை வீடு உங்கள் வீடு, சாவி உங்கள் இடுப்பில். மனசு மாறினால் பத்துத் தடவை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். பிள்ளையை நம்பி செட்டில்மென்டே போடுகிறவர்கள், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பார்க்காவிட்டால் ரத்து செய்யக் கேட்க 2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டம் வழி விடுகிறது.

இன்னொன்று. பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, அதோடு சரி என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. சட்டம் கிடக்கட்டும். ஆஸ்பத்திரியில் ராத்திரி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பெண்ணிடம் போய், உனக்குப் பாத்திரம் மட்டும்தான் என்று எந்த வாயால் சொல்வீர்கள்?

பாங்கில் நாமினி போட்டிருக்கிறேனே என்பீர்கள். போடத்தான் வேண்டும், இன்றைக்கே போய்ப் பாருங்கள், பலபேர் கணக்கில் இன்னும் செத்துப்போன அம்மா பெயர் நாமினியாக இருக்கிறது. ஆனால் நாமினி என்பவர் பணத்தைக் கை நீட்டி வாங்குகிறவர். அதன் சொந்தக்காரர் யார் என்பதை உயிலும் வாரிசு உரிமையும் சொல்லும். இதை அறியாமல் எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை!

ஒற்றைத் தூண் மாளிகைக்கு வருகிறேன். இன்றைக்கு அந்த மாளிகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறது. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறோம், சாயங்காலம் ஐந்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். நான் வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. பிழைக்க வழி இருந்தால் இருப்பதை விற்றாவது பார்க்க வேண்டும், அது தர்மம். ஆனால் இனிமேல் திரும்பாது என்று வைத்தியரே சொன்ன பிறகும் குழாய், இயந்திரம் என்று போட்டுத் தள்ளிக்கொண்டே போவது யாருக்காக? 'கடைசிவரை பார்த்தான்' என்று ஊர் சொல்ல வேண்டும், அதற்காக. அந்த முடிவைப் பிள்ளை தலையில் வைக்காதீர்கள். எனக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று முன்னாலேயே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. 2023-இல் இன்னும் சுலபமாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்கினார்கள். வலி தெரியாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற வைத்தியமும் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியாழ்வார் என்ன செய்தார்? இளைத்துக் கிடக்கும்போது உன்னை நினைக்க முடியாது என்று அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். பெருமாளிடமே முன்கூட்டிச் சொல்லலாம் என்றால் பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூடாதா?

இப்போது ஒரு சொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காசிக்குப் போனவர்கள் வீட்டில் இருக்குமே, கட்டைவிரல் உயரத்தில் கங்கை ஜலம் அடைத்த செம்புச் சொம்பு, வாயை ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் பூஜை மாடத்தில் ஒன்று இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துப் பொட்டு வைப்பாள். கடைசி நேரத்துக்கு என்று பத்திரமாக வைத்தது. பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம், யாரும் திறந்து பார்த்ததே இல்லை.

மார்கழியில் ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அப்பாவுக்கு மூச்சு மாறிவிட்டது. அம்மா தலைமாட்டில். "டேய், கங்கையை எடுங்கடா" என்றாள். ஓடிப் போய் எடுத்தோம். ஈயம் அசைய மாட்டேன் என்கிறது. பாக்குவெட்டியால் நெம்பினேன், வழுக்கியது. அண்ணன் சொம்பை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உளியைத் தேடுகிறார். உளி இருந்த பெட்டிக்குப் பூட்டு. கடைசியில் ஒரு ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தோம். சொம்பு நசுங்கியது. அடியில் பொத்தலாகிப் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. மீதியை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அப்பா வாயில் விட்டேன். உள்ளே போகவில்லை, வாயோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

பத்து நிமிஷம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய பத்து நிமிஷத்தை நான் ஒரு ஈயத்தோடு மல்லுக்கட்டிக் கழித்தேன். அவர் அந்தப் பத்து நிமிஷம் எங்கள் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனார்.

அப்புறம்தான் தெரிந்தது, வீட்டில் எல்லாமே அந்தச் சொம்பு மாதிரிதான் இருந்தது. பீரோ சாவி எங்கே, தெரியாது. கொடுத்த கடன் எவ்வளவு, தெரியாது. உயில் கிடையாது. பதினாறாம் நாள் முடிவதற்குள் வீட்டுப் பாகத்தில் எனக்கும் அண்ணனுக்கும் வாய்த்தகராறு. நான்கு வருஷம் பேச்சில்லை. இந்த மேடையில் உட்கார்ந்து ராமனையும் பரதனையும் சொல்லிவிட்டு, தெருவில் அண்ணன் வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் சொல்லாமல் உங்களிடம் உயிலைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சொம்பைத் திறந்து வையுங்கள். கங்கையை மட்டும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து வையுங்கள். செல்போனில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுப் பூட்டியிருக்கிறீர்களே, அதைக் கட்டினவளுக்காவது சொல்லி வையுங்கள். கண்தானம் செய்ய ஆசையா, அதை வீட்டில் வாய் திறந்து சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அழுதுகொண்டிருக்கிறவர்களுக்குத் தானாக நினைவு வராது. மனசைத் திறந்து வையுங்கள். அதுதான் ரொம்பக் கெட்டியான ஈயம்.

பீஷ்மர் 58 ராத்திரி அம்பின்மேல் கிடந்தார். உத்தராயணத்துக்காகக் காத்திருந்தார் என்பதே நமக்குத் தெரியும். அவரைப் பார்க்க யார் வந்தான்? எல்லோரும் பாசறைக்குத் திரும்பின பிறகு, தனியாக, கர்ணன் வந்தான். பத்து நாள் யுத்தத்தில் அவர் இருக்கும்வரை களத்துக்கே வர மாட்டேன் என்று வீம்பாக நின்றவன். சபையில் அவர் அவனை எத்தனை கடுமையாகப் பேசியிருக்கிறார்! வந்து காலடியில் விழுந்தான். உங்களுக்குப் பிடிக்காத ராதேயன் வந்திருக்கிறேன் என்றான். பீஷ்மர் காவலாளிகளை விலகச் சொன்னார். உடம்பெல்லாம் அம்பு. ஒரு கையைத் தூக்கி, ஒற்றைக் கையால், தகப்பன் பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்தார். இரண்டு கை தூக்க முடியவில்லை சுவாமி! உன்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது, நீ குந்தியின் பிள்ளை என்று எனக்குத் தெரியும் என்றார். சாந்தி பர்வமும் சகஸ்ரநாமமும் அப்புறம் வந்தன. முதலில் கர்ணனை அணைத்தார். சிலருக்கு ஜனமேஜயன் முதலில், சிலருக்குக் கர்ணன் முதலில். உங்களுக்கு யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, நீங்களும் பக்கத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள்.

மணியாகிவிட்டது, சுண்டல் ஆறுகிறது என்று சைகை காட்டுகிறார்கள். முடித்துவிடுகிறேன்.

அப்பா போன பிறகு அம்மா இன்னொரு தரம் காசிக்குப் போனாள். வந்ததும் கங்கா சமாராதனை. மறுநாள் காலையில் புதுச் சொம்பைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் பாத்திரம் பற்றவைக்கிறவரிடம் தானே போய்விட்டாள். ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, மருந்து பாட்டில் கார்க் ஒன்றைத் துணி சுற்றி அடைத்து, சொம்புக் கழுத்தில் நூல் கட்டி, அந்த நூலில் ஒரு உத்தரணியையும் கட்டித் தொங்கவிட்டாள். மாடத்தில் வைக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்துக்கோ. சின்னக் குழந்தைகூட திறக்கலாம்" என்றாள். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. எது எங்கே இருக்கிறது, எந்தப் புடவை, யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், பேத்திக்குப் பரீட்சை நடந்தால் முடிந்த பிறகு சொல்லுங்கள். பூக்காரிக்கு நாற்பது ரூபாய் பாக்கி என்பதுவரை. வீட்டை இரண்டு பாகமாக யார் யாருக்கு எது என்று எழுதி, சாட்சி வாங்கி, எங்கள் இருவரையும் ஒரே நாளில் சாப்பிடக் கூப்பிட்டாள். எதிரெதிரே இலை போட்டாள். நெய்யை மட்டும் அண்ணன் கையில் கொடுத்து, "அவனுக்கு ஊத்து" என்றாள்.

ஆறு வருஷம் கழித்து, ஆவணி மாதம், நல்ல பகல் வேளை. அண்ணன் எழுந்து போய் மாடத்திலிருந்து சொம்பை எடுத்து வந்தார். கார்க்கை நான் பிடுங்கினேன், விரலிலேயே வந்துவிட்டது. அம்மா கை என் கையில்தான் இருந்தது. அண்ணன் உத்தரணியால் விட்டார். மூன்று உத்தரணி, மூன்றும் உள்ளே போயிற்று.

நாளைக்குச் சுகர் வருகிறார். ஆறரைக்கே வந்துவிடுங்கள்.