எலிக்கு நாம் பட்ட கடன்

கொல்லாமை அதிகாரத்தைப் பத்தாம் வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், மருந்து கண்டுபிடிக்க எலியைக் கொல்லுறது பாவமில்லையா?" என்று கேட்டாள். "மனிதரைக் காப்பாற்றத்தானே" என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். அன்றிரவு அவ்விடை எனக்கே போதாததாகப் பட்டது.

மலேரியாவையே எடுத்துக்கொள்வோம். 1934-35இல் ஏறக்குறைய 80,000 இலங்கையரைப் பலிகொண்ட நோய் அது. சூரியமல் இயக்கத்து இளைஞர் கிராமந்தோறும் மருந்துடன் அலைந்த வரலாறு வாசகர் அறிந்ததே. பின்னர் வியட்நாம் காடுகளிற் குளோரோகுவின் பலனற்றுப் போகவே, வட வியட்நாமின் வேண்டுகோளை ஏற்றுச் சீனா 1967 மே 23இல் இரகசிய ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. (போருக்காக மூட்டிய அடுப்பில் உலகத்துக்கான மருந்து வெந்தது வேறொரு விசித்திரம்.)

தூ யூயூ என்னும் பெண்மணியின் குழு ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகளை எடுத்து, நோயேற்றிய சுண்டெலிகளிற் சோதித்தது. நமது மாசிப்பத்திரியின் இனத்ததான சிங்ஹாவ் என்ற செடி முதலில் 68 வீதம் பலன் காட்டிற்று. மறுமுறைகளில் அது 12 முதல் 40 வீதமாகச் சரிந்தது. அத்தோல்வியே அவரை நான்காம் நூற்றாண்டின் கே ஹொங் எழுதிய மருத்துவ நூலுக்குத் திருப்பிற்று. அங்கே செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியவே சொல்லியிருந்தது. வெப்பம் மருந்தைச் சிதைக்கிறதோ என ஐயுற்ற அவர், ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்திற் சாறெடுத்தார். 1971 ஒக்டோபரில் அச்சாறு எலிகளின் குருதியிலிருந்து ஒட்டுண்ணியை முற்றாக அகற்றிற்று. அதற்கு முன்பு பலனின்றி மாண்ட எலிகளும் அவ்வெற்றியிற் பங்காளிகளே அன்றோ?

இனிக் கேள்விக்கு வருவோம். எலி தாழ்ந்த உயிர், ஆதலால் அதைப் பயன்படுத்தலாம் என்பது வழக்கமான விடை. இவ்விடையை நான் அஞ்சுகிறேன். தாழ்வைக் கற்பிப்பவன் அக்கோட்டை எங்கும் கீறலாம். தக்காவு வதைமுகாமில் 1942 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றிய கிளவுஸ் ஷில்லிங் என்னும் மருத்துவன் கீறிய கோடும் அதுவே. அவன் 1946இல் தூக்கிலிடப்பட்டான். சாதியின் பேராலும் கூலியின் பேராலும் மனிதரை மனிதரல்லராக்கிய சமூகத்தில் வாழும் நாம் 'தாழ்ந்த உயிர்' என்ற சொல்லை இலேசாக உச்சரிக்கலாகாது.

அப்படியாயின் எலியை விட்டுவிடலாமா? விட்டுவிட்டால் அதன் இடத்தில் நிற்கப்போவது யார்? செல்வந்தன் நிற்கமாட்டான். ஏழை நோயாளியே நிற்பான். ஆகவே சோதனையை நான் ஏற்கிறேன், உரிமையாகவன்று, கடனாக. மனித மலேரியாவின் ஒட்டுண்ணி சுண்டெலியில் வாழாது. கொங்கோவின் காட்டெலிகளில் 1948இற் கண்டறியப்பட்ட வேறோர் இனமே ஆய்வுகூடங்களிற் பயன்பட்டது. எனவே எலி தரும் சான்று அரைச் சான்றுதான். இறுதியில் ஒரு மனிதன் முதலாவதாக விழுங்கியே ஆகவேண்டும். 1972இல் தூ யூயூவும் தோழர் இருவரும் அச்சாற்றைத் தாமே உட்கொண்டனர். அதன் பின்னரே அது ஹைனான் தீவின் நோயாளிகளுக்குச் சென்றது. 2015இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதிலும் இதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

கடன் என்றால் கணக்கு வேண்டும். ஒரு சாற்றை எடுத்து, நான்கு கூண்டு எலிகளுக்கு ஊட்டி, பட்டத்துக்கோ பதவியுயர்வுக்கோ கட்டுரை எழுதி, அத்துடன் அதைக் கைவிடுவது எந்தக் கணக்கிற் சேரும்? பலிக்காத சாறு பலிக்கவில்லை என்று அச்சேறாவிட்டால், இன்னொரு நாட்டில் இன்னொருவர் அதே சாற்றை அதே நோக்குடன் மீண்டும் ஊட்டுவார். தோல்வியை மறைப்பது இங்கே வெறும் கூச்சமன்று. அது உயிர்களை விரயஞ் செய்வது.

கணக்கின் மறுபக்கம் இன்னும் பெரிது. இலங்கை மலேரியாவற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் 2023இல் உலகெங்கும் அந்நோயால் மாண்டோர் ஏறத்தாழ ஆறு இலட்சம். பெரும்பாலோர் ஆபிரிக்காவின் குழந்தைகள். மருந்து இருந்தும் காலத்தில் வந்து சேராத குடிசைகளில் இறந்தவர்களும் அவர்களுள் உண்டு. மறுவாரம் வகுப்பில் இவற்றைச் சொன்னேன். அம்மாணவி, "அப்ப எலி ஆருக்காகச் செத்தது சேர்?" என்றாள். இம்முறை அவளை இருத்திவிட எனக்கு மனம் வரவில்லை.