குன்றேறி என்ன கண்டோம்?

"அங்கே வேலையும் இல்லை, கோயிலும் இல்லை, உறவினர் வீடும் இல்லை, அந்தக் குன்றின்மீது ஏறி என்ன கண்டீர்கள்?" என்று கேட்பது நம்மவரிடையே வழக்கம். இவ்வினாவில் 'கண்டீர்கள்' என்பதற்குக் கண்ணால் பார்த்தீர்கள் என்பது பொருளன்று. பெற்றீர்கள், அடைந்தீர்கள் என்பதே பொருள். செலவிட்ட காலைப்பொழுதுக்கு ஈடாகக் கைக்கு வந்தது யாது என்று கணக்குக் கேட்கும் வினா இது. காண்பதும் பெறுவதும் ஒன்றேதானா? பெறுவதற்கு ஒன்றும் இல்லாதவிடத்துக் காண்பது வீண்தானா? இதனைச் சிறிது ஆராய்வோம். குன்றைப் பற்றியதாகத் தொடங்கும் இவ்வினா, மனிதரைப் பற்றியதாய் முடிதலைக் காண்போம்.

முதற்கண், இவ்வாறு கேட்போரை இகழ்வது முறையன்று. வினா எங்கிருந்து பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். நம் முன்னோர் இந்நாடுகளில் நடந்த நடை கொஞ்சமா? ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, தமக்கென ஒதுக்கிய 300, 400 மரங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பால் வெட்டி, மீண்டும் அதே நிரைகளில் வாளியோடு சென்று மங்குகளில் தேங்கிய பாலைச் சேர்த்து, நிறுக்கும் இடத்திற்குக் கொண்டு போவதற்குள் எத்தனை கல் தொலைவு நடந்திருப்பர்! வெயில் ஏறினால் பாலோட்டம் குறையும். ஆதலின் அந்நடையில் நிற்பதற்கு இடமில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தனர்; மரங்களின் நடுவே, பறவைகள் கூவும் வேளையிலேயே நடந்தனர். ஆயினும் கண் மரத்தின் வெட்டை விட்டு அகலவில்லை. அகன்றால் பட்டையில் காயம் விழும். காயம் விழுந்தால் கங்காணியின் ஏச்சு விழும்.

சிங்கப்பூர்த் தீவிலோ, 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் காட்டினூடே சாலைகள் அமைத்தனர். பின்னாளில் மலாயாவின் இரயில் பாதைகளில் தண்டவாளம் செப்பனிட்டவர்களுள் தமிழர் மிகப் பலர். இவ்வாறு ஒவ்வோர் அடிக்கும் கூலி எண்ணப்பட்ட மக்கள், கூலியில்லா நடையைக் கண்டு வியப்பதில் வியப்பில்லை. ஓய்வு நாளிலும் துணி துவைத்தல், கடைத்தெருவுக்குச் செல்லுதல், விறகு சேர்த்தல் என வேலைகள் காத்திருந்தன. ஓய்வில்லாதவருக்கு இயற்கையின் இன்பத்தை உபதேசிப்பது கொடுமை. முதலில் ஓய்வைப் பெற்றுத் தருதலே அறம்.

இன்று நிலைமை பலருக்கு மாறியுள்ளது. தோட்டங்கள் பல விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் போயின. அங்கு வாழ்ந்தோரின் பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைக் காலை பலருக்குச் சொந்தமாயிற்று. கட்டாயம் தளர்ந்தது, கட்டாயம் கற்பித்த வினா மட்டும் நாவை விட்டு அகலவில்லை.

ஒரு குன்றை எடுத்துக்கொள்வோம். புக்கிட் தீமா, சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடம். உயரமோ ஏறத்தாழ 163 மீட்டர்தான். கேமரன் மலையைக் கண்டவர் இதனை மலையென்று ஒப்பார். நின்று நின்று ஏறும் முதியவருக்கும் உச்சியை அடைய ஒரு மணி நேரம் போதும். சாலையின் இரைச்சலை விட்டுச் சிறிது தொலைவு உள்ளே சென்றவுடன் காற்று குளிர்கிறது. வெயில் முழுதாய் நிலத்தைத் தொடுவதில்லை. இலைகளின் இடுக்கு வழியே காசு காசாகச் சிதறி விழுகிறது. நிமிர்ந்து பார்த்தால், கிளையின்றி நெடுந்தூரம் ஓங்கி, மேலே சென்று குடை விரிக்கும் செராயா மரங்கள். குனிந்தால், ஈர மண்ணில் மட்கும் இலைகளின் மணம். இரண்டு நீண்ட கம்பிகளின் நுனியில் துடுப்புக் கட்டியது போன்ற வாலையுடைய கரிச்சான் குருவி, மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் தன் குரலாக்கிக் கூவும். தோட்டத்தில் மரங்கள் நிரைநிரையாய் நிற்கும். இங்கே எம்மரமும் எவருக்காகவும் வரிசையில் நிற்பதில்லை.

உச்சியில் பெருங்காட்சி ஏதேனும் உண்டோ எனின், பெரும்பாலும் மரங்களே மறைத்து நிற்கின்றன. உயரத்தைக் குறித்த பாறை ஒன்று இருக்கிறது, அவ்வளவே. ஏறியதற்குப் பரிசாக அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. காண வேண்டியவை வழியிலேயே இருந்தன. உச்சியை மட்டும் கருதி விரைந்தவர் அவற்றைக் கடந்து வந்துவிட்டார்.

இக்குன்றுக்கு முன்பு வந்தோர் பலர் 'இதனால் என்ன பயன்?' என்ற வினாவோடே வந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் மிளகும் காம்பீரும் பயிரிட்டோர் தீவின் காடுகளை வேகமாக அழித்தனர். காம்பீர் இலையைக் காய்ச்சும் விறகுக்காகவும் மரங்கள் வீழ்ந்தன. கருங்கல் வேண்டியோர் குன்றின் விலாவை உடைத்தனர். அக்கற்குழிகளுள் சில இன்று நீர் நிறைந்து கிடக்கின்றன. அவ்வாறு உடைத்த கல்லால் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. அவற்றில் நாமும் நடக்கிறோம், வாழ்கிறோம். ஆதலின் பயன் தேடுவதே குற்றம் என்று நாம் கூறவில்லை.

ஆயின் 1854-இல் வேறொரு கண் இங்கு வந்தது. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் என்னும் ஆங்கில இயற்கை ஆராய்ச்சியாளர், புலிகள் திரிந்த அக்காலத்தில் இக்குன்றின் பக்கத்தே தங்கி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவரும் சேகரித்தவற்றை விற்றுப் பிழைத்தவரே. ஆயினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. மரவெட்டிகள் வீழ்த்திய மரங்களின் பட்டையிலும் இலையிலுமே அவர் பலவற்றைக் கண்டெடுத்தார். மரம் ஒன்றுதான்; மரவெட்டி அதில் பலகையைக் கண்டார், வாலேஸ் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கண்டார்.

அதன்பின் 1883-இல் தாவரத் தோட்டத்தின் தலைவர் நாத்தானியல் கேண்ட்லி காடுகளின் அழிவைக் குறித்து அறிக்கை எழுதினார். காட்டு ஒதுக்கிடங்கள் அமைந்தன. அவ்வொதுக்கிடங்கள் பொருளாதார நெருக்கத்தால் 1930-களின் இறுதிக்குள் பெரும்பாலும் தேய்ந்து கைவிடப்பட்டன. புக்கிட் தீமா உள்ளிட்ட மூன்று இடங்களே, செடிகொடிகளையும் விலங்குகளையும் காத்தற்கென்று நிறுத்திக்கொள்ளப்பட்டன. வருவாய் நோக்கிக் காத்த காடு வருவாய் நோக்கியே அழியும். காட்டுக்காகவே காத்த காடு இன்றும் நிற்கிறது. 1986-இல் முடிந்த விரைவுச்சாலை இதனை அடுத்துள்ள பெருங்காட்டினின்று பிரித்தது. 2013-இல் அச்சாலைக்கு மேலே, விலங்குகள் கடப்பதற்கென்று மரம் நட்ட பாலம் ஒன்று அமைத்தனர். அழுங்குக்குப் பாலம் கட்டி என்ன கண்டோம் என்று கேட்பவரும் இருக்கலாம். கேட்கட்டும், அழுங்கு கடந்து செல்கிறது.

இனி வினாவின் மறுபுறத்தைக் காண்போம். தோட்டத்தில் மரத்தைப் பார்த்து 'எவ்வளவு பால் தரும்?' என்று கேட்ட கண்தான் மனிதரைப் பார்த்தும் அதையே கேட்டது. பெரட்டில் நின்றவர் கணக்கில் ஓர் ஆள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பால் வற்றிய மரம் வெட்டப்பட்டது. வேலையிழந்த தொழிலாளி லயத்து வீட்டையும் இழந்தார். பயனால் மட்டும் அளக்கப்படுவது எத்தகைய இழிவு என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அங்ஙனமிருக்க, அதே அளவுகோலை நாமே கையிலெடுப்பது தகுமா? வேலை கிடையாத மகனிடத்தும், பள்ளியில் பின்தங்கிய பிள்ளையிடத்தும், படுக்கையில் விழுந்த தாயினிடத்தும் 'இவரால் என்ன பயன்?' என்று வாயால் கேளாவிடினும் கண்ணால் கேட்கிறோமல்லவா? எதையும் விலை பார்க்கும் கண், வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்கத்தக்கதன்று, உள்ளேயும் வந்துவிடும்.

குன்றின்மீது நடப்பது அக்கண்ணுக்கு ஒரு பயிற்சி. அங்குள்ள செராயா மரம் நமக்குக் கூலி தருவதில்லை. நம்மிடம் வேலை கேட்பதுமில்லை. அதன்முன் சிறிது நேரம் நிற்கக் கற்றவர், ஒன்றும் தரவியலாத முதியவரின் அருகே சிறிது நேரம் அமரவும் கற்பார் என்பது நம் துணிபு. குன்றேறியவரெல்லாம் நல்லவராகிவிடுவர் என்று நாம் கூறவில்லை. அழகை நுகர்ந்துகொண்டே பிறரை வருத்தினோரும் உண்டு. பினாங்கு மலைக்கு 1923-இல் இரயில் வருமுன், வசதி படைத்தோர் டோலியிலும் ஏறிச் சென்றனர். இருந்தவர் குளிர்காற்றை அனுபவித்தார். சுமந்தவர் வியர்வையில் நனைந்தார். பிறர் தோள்மீது அமர்ந்து காணும் இன்பம் பறித்த இன்பம். தம் காலால் ஏறி, தாமே மூச்சு வாங்கிக் காண்பவர் எவரிடமிருந்தும் எதனையும் பறிப்பதில்லை. கண்ட இடத்தைப் பின்னே வருவோர்க்கு அப்படியே விட்டும் செல்கிறார்.

குன்றேறுதல் நமக்குப் புதிதுமன்று. பத்துமலையின் 272 படிகளை ஏறியவர் நம்மவருள் எண்ணிறந்தோர். வேண்டுதலோடு ஏறுவோரின் நம்பிக்கையை ஈண்டு நாம் ஆராயவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம். அப்படிகளில் ஆண்டுதோறும் ஏறுவோருள், அக்குன்று சுண்ணாம்புக்கல்லால் ஆனதென்பதையும், அதன் இருட்குகையில் தன் வளைக்குக் கதவு அமைத்து வாழும் அரிய சிலந்தி ஒன்று உண்டென்பதையும் அறிந்தவர் எத்தனை பேர்? வேண்டுதலும் ஒருவகையில் கொடுக்கல் வாங்கலே. அங்கும் கண் பெறுவதில் நிற்கிறது, காண்பதில் நிற்பதில்லை.

இது ஐரோப்பியரிடம் கற்ற பழக்கம் என்று தள்ளுவாரும் உளர். அன்னார் நம் இலக்கியத்தை மறந்தவராவர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று வகுத்தவர் தமிழர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். நீராடிய பெண்கள் விளையாட்டாய்ப் பறித்துப் பாறைமேல் குவித்த மலர்கள் அவை. சந்தைக்குக் கட்டியவை அல்ல. அத்தகைய கண் படைத்தோரின் வழிவந்த நாம், இந்நாடுகளில் பல தலைமுறை வாழ்ந்தும் பால்மரம் ஒன்றையே நன்கு அறிவோம். அதுவும் பிரேசில் நாட்டினது. 1877-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு 22 கன்றுகளாக வந்தது. நம்மைப்போல் கடல் கடந்து வந்த அம்மரத்தை அறிந்த நாம், இம்மண்ணுக்கே உரிய மெரந்தியையும் ஜெலுத்தோங்கையும் தெம்புசுவையும் அறியாதிருத்தல் முறையா? மலாய் அண்டை வீட்டாரிடம் அவற்றைக் கேட்டறிவதில் இழுக்கொன்றுமில்லை. தான் வாழும் மண்ணின் மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாதவர், எத்தனை தலைமுறை கடந்தும் அங்கே விருந்தினரே.

ஆகவே, ஓய்வு வாய்த்த அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே: மாதத்தில் ஒரு காலையேனும் குன்றுக்குச் செல்லுங்கள். ஈப்போவில் உள்ளோர்க்குச் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு. தைப்பிங்கில் உள்ளோர்க்கு லாருட் மலையின் அடிவாரம் உண்டு. எஞ்சிய தோட்டங்களில் உள்ளோர்க்கு அருகே ஒரு மேடேனும் இருக்கும். சிங்கப்பூரில் 2011 வரை இரயில் ஓடிய பாதை இப்போது நடப்போர்க்குரிய பசுமை வழியாகியுள்ளது. நம்மவர் தண்டவாளம் செப்பனிட்ட தடத்தில் நம் பிள்ளைகள் கைவீசி நடக்கலாம். மெல்ல நடங்கள், பாட்டுப் பெட்டியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். பூவைப் பறியாதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடாதீர்கள். கொடுத்தால் அவை காட்டை மறந்து சாலைக்கு வரும். ஏற இயலாத முதியவரையும் அடிவாரம் வரையேனும் அழைத்துச் சென்று நிழலில் அமர்த்துங்கள். பறவையின் குரல் அங்கும் கேட்கும்.

திரும்பி வந்தபின், என்ன கண்டீர்கள் என்று எவரேனும் கேட்டால் சினங்கொள்ள வேண்டா. கண்ட மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லிக் கூறுங்கள். அடுத்த முறை அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.