செக்கில் யார் கையெழுத்து?

அணுபுரம் போயிருக்கிறீர்களா? கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்காக அணுசக்தித் துறை கட்டிய குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால், தெருவில் ஒரு சைக்கிள் போகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். அங்கே குவார்ட்டர்ஸில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம்.

கொஞ்ச நாள் முன்னால் அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அன்றைக்கு அவர் மனைவியின் தம்பியும் வந்திருந்தார். செங்கல்பட்டு பக்கம் சின்னதாக ஒரு தொழிற்சாலை வைத்திருக்கிறார். பம்புகளுக்கு உதிரி பாகம் செய்கிறார்கள். அறுபது பேருக்கு வேலை. இத்தனை வருஷம் உள்ளூர் ஆர்டரிலேயே ஓட்டியவர், முதல் முறையாக வெளிநாட்டில் ஆபீஸ் திறக்கப் போகிறார். துபாயில்.

"இடம் பார்த்தாச்சு. லைசென்ஸுக்கும் எழுதிக் கொடுத்தாச்சு. ஆள்தான் மாமா பிரச்னை" என்றார்.

பிரச்னை இதுதான். அவர் கம்பெனியில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிற ஒரு அம்மா இருக்கிறார். விற்பனைப் பிரிவுக்கே அவர்தான் தூண். எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும், யார் பணம் இழுத்தடிப்பார்கள், எல்லாம் அத்துப்படி. ஆனால் வெளி ஆள். இன்னொருவன் அக்கா பையன். பி.காம். முடித்து, மாமா கம்பெனியிலேயே இரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறான். நல்ல பையன். சாமர்த்தியம் சுமார்தான். ஆனால் நம்ம பையன்.

அக்கா பையன் என்றால் வேறு யாருமில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டுப் பையன்தான்!

"ரெண்டு பேரையும் அனுப்பிடலாம்னு இருக்கேன். மானேஜர் அந்தம்மா. செக்குல கையெழுத்து மட்டும் நம்ம பையன்" என்றார் தம்பி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த சந்தோஷத்தோடு.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொண்டு வந்த அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்துக்கொண்டே கூட வாருங்கள்.

சாயந்திரம் மூன்று பேருமாகச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனோம். கல்பாக்கத்தை ஒட்டியே இருக்கிறது. செங்கல் மதில், உள்ளே பழைய கல்லறைகள், கல்லில் டச்சு எழுத்துகள். கடற்காற்று ஆளைத் தள்ளியது.

'என் கம்பெனியின் முதல் வெளிநாட்டு ஆபீஸ்' என்று கவலைப்படுகிற மனிதரை இதைவிடப் பொருத்தமான இடத்துக்குக் கூட்டிப் போக முடியாது. ஏனென்றால் அந்தக் கோட்டையே ஒரு கம்பெனியின் வெளிநாட்டு ஆபீஸ்தான். 1602-ல் ஹாலந்தில் ஆரம்பித்த கிழக்கிந்தியக் கம்பெனி. சுருக்கமாக வி.ஓ.சி. என்பார்கள். (நம்ம வ.உ.சி. இல்லை. அவர் கப்பல் ஓட்டியவர். இவர்கள் கப்பலில் வந்தவர்கள்.) 1610-ல் பழவேற்காட்டில் கடை போட்டார்கள். பிறகு இங்கேயும் வந்தார்கள். துணி வாங்கி ஏற்றுமதி செய்வது இங்கே முக்கியமான வியாபாரம்.

அவர்களுக்கும் இதே தலைவலி. ஹாலந்தில் உட்கார்ந்து ஆட்சி செய்தவர்கள் பதினேழு டைரக்டர்கள். கப்பல் ஆசியா வந்து சேரவே ஆறேழு மாதம். கடிதம் எழுதி பதில் வருவதற்குள் ஒரு பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும். அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஆளை எப்படி நம்புவது?

அவர்கள் நம்பவில்லை. சட்டம் போட்டார்கள். சொந்த வியாபாரம் செய்யக் கூடாது, செய்தால் தண்டனை. சரி, கை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறவர்கள் சம்பளமாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? அதுவும் சொற்பம். நோயிலும் வெயிலிலும் உயிர் போகிற ஊருக்கு ஆளை அனுப்பி, அரை வயிற்றுக்குச் சம்பளம் கொடுத்து, திருடாதே என்று கடிதமும் எழுதினால் என்ன ஆகும்? பெரிய அதிகாரியிலிருந்து குமாஸ்தா வரை ரகசியமாகச் சொந்த வியாபாரம். 1799-ன் கடைசி நாளோடு கம்பெனியின் ஆயுசு முடிந்தது. போரும் கடனும் பெரிய காரணங்கள்தான். ஆனாலும் ஊழலில் அழிந்த கம்பெனி என்று அந்த மூன்று எழுத்துகளுக்கே டச்சு மொழியில் புது விரிவு சொல்லிக் கிண்டல் செய்தார்கள். சதுரங்கப்பட்டினமும் 1825-ல் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது.

"அதனாலதான் சொல்றேன், வெளி ஆளை நம்பக் கூடாது" என்றார் தம்பி சட்டென்று.

அவர்கள் வெளி ஆளை அனுப்பவில்லை, சொந்த நாட்டு ஆளைத்தான் அனுப்பினார்கள் என்பதை நான் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

சரி, சொந்த ஜனங்களையே அனுப்பி, வெற்றியும் பெற்றவர்கள் இல்லையா? நம்மிடமே இருக்கிறார்கள். நகரத்தார்கள். வெளிநாட்டில் கிளை திறப்பது எப்படி என்று இன்றைக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைக் காரைக்குடிப் பக்கத்து ஆச்சிகள் வீட்டுத் திண்ணையில் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். ரங்கூன் மொகல் தெருவில் வரிசையாகச் செட்டியார் கிட்டங்கிகள். இலங்கை, மலேயா, சைகோன் என்று எங்கும் கிளைகள். முதலாளி ஊரில் இருப்பார். ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போவார். சம்பளத்தில் ஒரு பகுதி முன்னாலேயே கைக்கு வந்துவிடும். லாபத்திலும் ஒரு பங்கு உண்டு. மூன்று வருஷம் முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பல். அடுத்த ஏஜெண்டு கப்பல் ஏறுவார். ஒருவர் எழுதிய கணக்கை அடுத்தவர் பார்த்துத்தானே வாங்கிக்கொள்வார்! இந்த ஏஜெண்டும் ஒரு காலத்தில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து வேலை கற்றவராகத்தான் இருப்பார்.

டச்சுக்காரன் செய்யாததை இவர்கள் செய்தார்கள். வேலை கற்றுக் கொடுத்தார்கள், வயிற்றுக்குக் கொடுத்தார்கள், லாபத்தில் பங்கும் கொடுத்தார்கள். அதனால் நாணயம் நின்றது.

ஆனால் இதிலும் இரண்டு விஷயம் என்னை உறுத்தும். ஒன்று, ஏஜெண்டு போவார். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார்கள். மூன்று வருஷம். பாசத்துக்கு அது பிரிவு. கணக்குக்கு அது ஜாமீன். குடும்பமும் மானமும் ஊரில் இருக்கிறவன் அக்கரையில் தப்பு செய்யத் துணிவானா? நம்பிக்கை என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குள்ளே கொஞ்சம் பிணைக்கைதி விவகாரமும் கலந்திருக்கிறது.

இரண்டாவது இன்னும் பெரிது. கிட்டங்கிக்குள் கணக்கு எழுதினது, பணம் எண்ணினது, முடிவு செய்தது எல்லாம் நம்மவர்கள். வெளியே கடன் வாங்க வந்தவர் பர்மியர். 1930-ல் உலக மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடனுக்குப் பதிலாகச் செட்டியார்களிடம் வந்தது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1937-ல் அது இருபத்தைந்து பங்கு. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு அங்கே போனவர்கள் இல்லை. பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். ஆனால் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு அது தெரியுமா? கோபம் வளர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது விட்டுவிட்டு ஓடி வர வேண்டியதாயிற்று. 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ள சட்டம் வந்தது.

உள்ளே நாலு பர்மியர் உட்கார்ந்திருந்தால் சரித்திரம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. உலக மந்தத்தை யார் தடுக்க முடியும்? ஆனால், 'ஊருக்குள்ள பேச்சு சரியில்ல முதலாளி' என்று முன்கூட்டியே சொல்ல உள்ளே ஒரு குரல் இருந்திருக்கும். நம்ம ஆள் பொய்க் கணக்கு எழுத மாட்டான், சரி. ஆனால் நமக்குத் தெரியாததை அவனாலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அவனுக்கும் அது தெரியாது!

துபாயிலேயே பாருங்கள். இலவச மண்டலங்களுக்கு வெளியே கம்பெனி வைக்க வேண்டுமானால், உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 51 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று வெகுகாலம் சட்டம் இருந்தது. நிறைய பேர் அவரைக் கையெழுத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2021-ல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்தக் கட்டாயம் போய்விட்டது. இனி அந்த ஊர் தெரிந்த ஒருவரை உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்பதைச் சட்டம் முடிவு செய்யாது. நம் மனசுதான் முடிவு செய்ய வேண்டும்.

இருட்டிவிட்டது. வீடு திரும்பினோம். அதுவரை வாய் திறக்காத நண்பர் அப்போதுதான் பேசினார்.

"எங்க இடத்துல கதிர்வீச்சு இருக்கற பகுதிக்குள்ள போறவங்க எல்லாரும் சட்டையில ஒரு பேட்ஜ் குத்திக்கணும். எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்குன்னு அது காட்டிக் கொடுக்கும். பெரிய அதிகாரி போனாலும் குத்திக்கணும், தரை துடைக்கப் போறவரும் குத்திக்கணும். இத்தனை வருஷத்துல 'என்னை நம்பலையா'ன்னு ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதில்ல. ஏன் தெரியுமா? எல்லாருக்கும் ஒரே பேட்ஜ். அந்தம்மாவுக்கு மட்டும் குத்திவிட்டா, அது பேட்ஜ் இல்ல, சூடு."

தம்பி முகம் சுருங்கிவிட்டது. "உங்க பையனுக்கு நல்லது செய்யலாம்னுதான் மாமா..." என்று இழுத்தார்.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "என் பையனை வேலைக்கு அனுப்பு, போறான். காவலுக்கு அனுப்பாதே. அந்தப் பொண்ணு பதினோரு வருஷம் உனக்கு உழைச்சிருக்கா. அவ மேல இவனை உக்கார வெச்சா, இவன் ரெண்டையும் கத்துக்க மாட்டான். வேலையையும் கத்துக்க மாட்டான், மரியாதையையும் கத்துக்க மாட்டான்."

பெற்ற தாயே தன் பிள்ளைக்குக் கிடைக்கிற பதவியை வேண்டாம் என்று சொன்னதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். எனக்குச் சோறு போட்ட வீடு என்பதற்காகச் சொல்லவில்லை, நான் அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கண்காணிப்பே கூடாது என்கிற கட்சி இல்லை நான். பணம் புழங்குகிற இடத்தில் கணக்குப் பார்க்காமல் இருப்பது பெருந்தன்மை இல்லை, சோம்பேறித்தனம். நல்லவனையும் அது சோதனையில் தள்ளிவிடும். கேள்வி, கணக்குப் பார்ப்பதா வேண்டாமா என்பது இல்லை. யார் யாரையெல்லாம் பார்க்கிறோம் என்பதுதான். எனக்கும் சேர்த்துப் பூட்டு போட்டால் அது ஒழுங்கு. உனக்கு மட்டும் போட்டால் அது அவமானம். பதினோரு வருஷம் உழைத்தவருக்கு நாம் கொடுக்கிற பரிசு அதுதானா?

பதினைந்து நாள் கழித்து தம்பி போன் செய்தார். அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். போகச் சம்மதமா என்று கேட்டதற்கு அவர் சம்பளம் பேசவில்லையாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அங்க ஆபீஸ் ஓடலைன்னா, திரும்பி வந்து உட்கார எனக்கு இங்க நாற்காலி இருக்குமா சார்?"

"யோசிச்சே பார்க்கலை சார் நான். அவங்க ஓடிடுவாங்களோன்னுதான் இத்தனை நாளும் யோசிச்சேன். அவங்களை நான் கை விட்டுடுவேனோன்னு அவங்க யோசிச்சிருக்காங்க" என்றார்.

கவனித்தீர்களா? நம்பிக்கை என்று பேச ஆரம்பித்தாலே, அடுத்தவன் நம்மை ஏமாற்றிவிடுவானோ என்றுதான் நாம் கணக்குப் போடுகிறோம். கடல் தாண்டிப் போகிறவர் வீட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை, வயதான அம்மாவை விட்டுவிட்டுப் போகிறார். இரண்டு பேரில் அதிகம் நம்பிப் போவது யார்? நாற்காலியை எழுதிக் கொடுத்துவிட்டாராம் தம்பி. செக்கில் இரண்டு கையெழுத்து. முதலாளியே போட்டாலும் அவர் கையெழுத்து தனியாகச் செல்லாது. அக்கா பையன் அந்த அம்மாவுக்குக் கீழே வேலை கற்றுக்கொள்ளப் போகிறான். அங்கேயே பல வருஷமாக இருக்கிற ஒருவரையும் வேலைக்குத் தேடுகிறார்கள்.

துபாய் ஆபீஸ் ஜெயிக்குமா? எனக்குத் தெரியாது. நியாயமாக நடந்தால் லாபம் வரும் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். நஷ்டம் வந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியும், அவ்வளவுதான்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். தாய்லாந்தில் தக்குவாபா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டு. மாமல்லபுரம் கட்டிய பல்லவர்களின் பிற்காலம். கல் சிதைந்திருக்கிறது. ஆனாலும் விஷயம் புரிகிறது. நம்மூர்க்காரர் ஒருவர் அங்கே ஒரு குளம் வெட்டியிருக்கிறார். அதற்கு 'அவனிநாரணம்' என்று பெயர். மணிக்கிராமம் என்ற வணிகர் சபைக்கு அதைக் காக்கிற பொறுப்பு.

அவர்கள் எவ்வளவு லாபம் பார்த்தார்கள், கணக்கை யார் எழுதினார்கள், பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது, எதுவும் நமக்குத் தெரியாது. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து நமக்குத் தெரிவது ஒரு குளம். அடுத்த கப்பலில் கிளம்ப நினைக்கிறவன் குளம் வெட்ட மாட்டான்.

உங்கள் கம்பெனி வெளிநாட்டில் ஆபீஸ் திறக்காமல் இருக்கலாம். ஆனால் கடையை ஒரு பையனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போவீர்கள். வீட்டுச் சாவியை வேலைக்கார அம்மாவிடம் கொடுப்பீர்கள். அப்போது 'இவர்களை நம்பலாமா' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

என்னை நம்பலாமா?