அடைக்கலமாய் வந்த சொற்கள்

உடல் நோயுற்றால் நாடி பார்த்தும் குருதியைச் சோதித்தும் மருத்துவர் அறிந்துகொள்வார். மனம் நோயுற்றால் அதனைக் காட்டுவதற்குப் பெரும்பாலும் சொற்களே வழி. பெற்றோரிடமும் வாழ்க்கைத் துணையிடமும் கூறாதவற்றை மனநல மருத்துவர் முன் ஒருவர் கூறுகிறார். அச்சொற்கள் மருத்துவருக்கு உடைமையாகிவிடுமா? ஆகா; அவை அடைக்கலப் பொருள்கள். அடைக்கலப் பொருளைக் காப்பது அறம் என்பதை அனைவரும் ஒப்புவோம். அதனைத் தேவைக்கு மேல் பெற்றுக்கொள்ளாதிருப்பதும் அறமே என்பதைச் சற்றே சிந்திப்போம்.

முன்னர்த் தாளில் எழுதப்பட்டு அலமாரியில் உறங்கிய இக்குறிப்புகள் இன்று கணிப்பொறியில் ஏறிவிட்டன. சிகிச்சைக்குச் சென்ற நாள், பேசிய செய்தி, உட்கொண்ட மருந்து, அன்றைய மனநிலை ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருள்கள் பல தோன்றியுள்ளன. அவற்றால் நன்மை உண்டு, தீங்கும் உண்டு.

பின்லாந்து நாட்டில் வஸ்தாமோ என்னும் தனியார் மனநல சிகிச்சை நிறுவனம் இயங்கிவந்தது. அதன் கணிப்பொறிக்குள் 2018ஆம் ஆண்டில் களவாக நுழைந்தவன் ஏறத்தாழ 33,000 பேருடைய பதிவுகளைக் கவர்ந்தான். பெயரும் முகவரியும் அடையாள எண்ணும் அந்தரங்கக் குறிப்புகளும் ஒருசேரக் களவு போயின. நிறுவனத்திடம் பெரும்பணம் கேட்டுப் பெற இயலாத அவன், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி 200 யூரோ கேட்டான். ஒரு நாளுக்குள் தராவிடில் 500 யூரோ என மிரட்டினான். சிலருடைய குறிப்புகளை இணையத்திலும் வெளியிட்டான். 2021இல் நிறுவனம் நொடித்தது. 2024 ஏப்ரலில் கீழ் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும் வெளியே போன சொல்லைத் திரும்ப அழைக்க எந்த நீதிமன்றத்தால் இயலும்?

களவாடியவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பதிவுகள், திறவுகோல் உடையோர் மட்டுமே படிக்கும்படி உருமாற்றி வைக்கப்படவில்லை. அடைக்கலம் பெற்றவர் காவலில் தவறினார் அன்றோ?

அவ்வாறாயின் எதனையும் எழுதாதிருத்தல் நன்றெனச் சிலர் கூறலாம். அதுவும் பொருந்தாது. எம்மருந்து ஒவ்வாதது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முன்னர் எழுந்ததா என்பவற்றை அடுத்து வரும் மருத்துவர் அறியாவிடில் உயிருக்கே கேடு நேரலாம். எனவே எதை எழுதுவது, எதை விடுவது என்னும் அளவறிதலே இங்கு அறம். அமெரிக்க நாட்டின் மருத்துவத் தகவல் காப்பு விதிகள் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. சிகிச்சை தொடங்கி முடிந்த நேரம், மருந்து, நோயின் பெயர் ஆகியன ஒருவகை. உரையாடலை ஆராய்ந்து மருத்துவர் தனியே வைத்திருக்கும் குறிப்புகள் மற்றொரு வகை. பின்னவற்றிற்குக் கூடுதல் காப்பு உண்டு. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையென்றே கூறுகிறது.

ஆகவே இத்தகைய மென்பொருளை ஆக்குவோர்க்குக் கடமைகள் மூன்று. தேவையற்றதைக் கேளாதிருத்தல் முதலாவது. இல்லாத பொருளை எக்கள்வனும் கவர இயலாது. பதிவுகளை உரியவரின் கருவியிலேயே பூட்டி, திறவுகோலை அவர் கையிலேயே அளித்தல் இரண்டாவது. அவர் அழிக்க விரும்பினால் எச்சமின்றி அழித்தல் மூன்றாவது. இதற்கு ஒரு விலையும் உண்டு. திறவுகோலை இழந்தவருக்கு, ஆக்கியவராலும் பெட்டியைத் திறந்து தர இயலாது. இதனை முன்கூட்டியே அறிவிப்பதும் நேர்மையாகும்.

கடமை ஆக்குவோர்க்கு மட்டுமா? மகனோ மருமகளோ சிகிச்சை பெறும்போது, அன்பின் பெயரால் அவர்தம் செல்பேசியைத் திறந்து பார்க்கும் ஆவல் நமக்கும் எழுகிறது. அவர் உயிரைப் பற்றி அஞ்சினால் அவரிடமே நேரில் கேட்போம். மருத்துவரிடம் நம் அச்சத்தைத் தெரிவிப்போம். மறைவாகப் படித்தறிந்தது வெளிப்பட்டால், அவர் இனி எவரிடமும் வாய் திறவார். பேச அஞ்சும் மனத்திற்கு மருந்து ஏது? அவர் தாமே கூறும் நாள்வரை அருகிருந்து காத்திருப்பதே அன்பு.