நிலுவையில் நிற்கும் படிப்பு

"இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போற?"

நாற்பது வயதில் ஒரு பெண் அஞ்சல்வழிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. கணவர் கேட்பார், மாமியார் கேட்பார், சமயத்தில் கல்லூரிக்குப் போகும் மகளே கேட்பாள். அதே வயதில் ஓர் ஆண் மேற்படிப்புக்குப் பணம் கட்டினால், "புரமோஷனுக்கா?" என்பார்கள். அவருடைய படிப்பால் பயன் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பிறகு, எந்தப் பயன் என்று மட்டும் விசாரிக்கிறார்கள். அவளிடமோ பயன் உண்டா என்பதையே நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

அஞ்சல்வழி மாணவியருக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் தமிழ் நடத்துகிறேன். இந்தக் கேள்விக்கு அவர்கள் வைத்திருக்கும் பதில்களில் அதிகம் கேட்பது, "பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்ல மேடம்" என்பதுதான். இது அவர்கள் கண்டுபிடித்த பதில் அல்ல. பெண் கல்விக்காக வாதாடிய அந்தக் காலச் சீர்திருத்தக்காரர்களில் பலர் இதைத்தான் சொன்னார்கள்: படித்த பெண் நல்ல தாயாக இருப்பாள், நல்ல மனைவியாக இருப்பாள். பூட்டிய கதவைத் திறக்க அந்த வாதம் உதவியது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டால் அவளுடைய படிப்புக்கான காரணமும் தீர்ந்துபோகிறது. பிள்ளையே இல்லாதவளுக்கு அந்த உரிமை தொடங்குவதே இல்லை.

அரசின் கணக்கிலும் இதன் சாயல் இருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தில், 2011 முதல், பத்தாம் வகுப்பு வரை படித்த மணப்பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்றவளுக்கு 50,000 ரூபாய், தாலிக்குத் தங்கம் என்று கொடுத்தார்கள். பல பெண்கள் பள்ளியை விடாமல் இருக்க அது காரணமாயிற்று. ஆனாலும் படிப்புக்கான பணம் கைக்கு வந்தது கல்யாண மேடையில். 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. பணம் திருமணத்திலிருந்து படிப்புக்கு நகர்ந்ததை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன். ஆனால் அஞ்சல்வழியில் படிக்கும் நாற்பது வயதுக்காரி இதிலும் இல்லை.

சரி, பயனே வேண்டாம், கல்வி கல்விக்காகவே என்று சொல்லிவிடலாமா? கவிதை எழுதுகிறவளுக்கு அந்தப் பதில் பிடிக்கும். சாகும் வரைக்கும் ஒருவன் ஏன் படிக்காமல் இருக்கிறான் என்று வள்ளுவர் வியப்பதை எடுத்துக்காட்டி வகுப்பை அழகாக முடித்துவிடலாம். ஆனால் முன்வரிசையில் ஓர் அங்கன்வாடிப் பணியாளர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இந்தப் பட்டம் சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது. அவரிடம் போய், பயனை எதிர்பாராமல் படியுங்கள் என்று சொல்வது, மாதச் சம்பளம் வாங்குகிறவள் சொல்லக்கூடாத பேச்சு. அதோடு, பயனில்லாத படிப்பு என்று நாமே ஒப்புக்கொண்டால் வீட்டில் அதைப் பொழுதுபோக்கு என்ற கணக்கில் எழுதிவிடுவார்கள். பொழுதுபோக்குக்குத் தேர்வு நாளன்று சமையலிலிருந்து விடுப்பு கிடைக்காது.

வேறு ஓர் இடத்திலிருந்து யோசிக்கலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமலே பட்டப் படிப்பில் சேர ஒரு வழி இருந்தது. 2009இல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் பெற்ற பட்டம்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும். பட்டத்தின் தரத்தைக் காப்பதற்கு அடிப்படை வேண்டும் என்ற வாதத்தை ஓர் ஆசிரியராக என்னால் ஒதுக்க முடியாது. ஆனால் அந்த வரிசை யாருடைய வாழ்க்கையைப் பார்த்து எழுதப்பட்டது? பள்ளி, கல்லூரி, வேலை, கல்யாணம் என்று தடையில்லாமல் போகிற வாழ்க்கையைப் பார்த்து. வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவள், பத்தாம் வகுப்பு விடுமுறையில் பெண் பார்க்க வந்ததால் நின்றவள், தம்பிக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் பனியன் கம்பெனிக்குப் போனவள், இவர்கள் வரிசையைக் கலைக்கவில்லை. வரிசையிலிருந்து இழுக்கப்பட்டவர்கள்.

அதனால் இந்தப் படிப்பை நிலுவை என்று சொல்லத் தோன்றுகிறது. சம்பளப் பாக்கியைக் கேட்டு வருகிறவரிடம், இந்தப் பணத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பாக்கி என்பதே போதுமான காரணம். அவள் அதை வைத்துப் பதவி உயர்வு பெறலாம், பேரனுக்குக் கதை சொல்லலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

துர்காபாய் தேஷ்முக்குக்கு இது தெரிந்திருந்தது. எட்டு வயதில் மணம் செய்துவைக்கப்பட்டு, பிறகு அதிலிருந்து வெளியே வந்து, சட்டம் வரை படித்தவர். சென்னையில் ஆந்திர மகிள சபையைத் தொடங்கியவர். 1953இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவர். பள்ளியை இடையில் விட்ட வயதுவந்த பெண்கள் குறைந்த காலத்தில் படித்துத் தேர்வெழுத உதவும் சுருக்கப் படிப்புத் திட்டத்தை அந்த வாரியம் 1958இல் தொடங்கியது. ஆசிரியையாக, செவிலியாக, கிராமசேவிகையாக வேலைக்குப் போவதும் அதன் நோக்கத்தில் இருந்தது. பெண்ணின் உரிமையா, ஊருக்குப் பயனா என்று அங்கே பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

நிலுவை என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: அதை யார் கொடுப்பது? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவள் வீட்டில் யார் உலை வைக்கிறார்கள்? பெரும்பாலும் இன்னொரு பெண்தான். முட்டி வலியோடு மாமியார், அல்லது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். தாயின் தேர்வுக்காக மகள் பள்ளிக்கு விடுப்பு எடுத்தால் பாக்கி தீர்ந்துவிடவில்லை, ஆள் மாறியிருக்கிறது. இருபது வருடம் கழித்து அந்த மகள் விண்ணப்பம் வாங்க வருவாள்.

அதற்காகத் தாய் படிக்கக்கூடாது என்று ஆகாது. வாங்கியவர்கள் கொடுக்க வேண்டும் என்றுதான் ஆகும். அவள் படிப்பு நின்றதால் மிச்சமான பணத்தில் படித்த தம்பி இருக்கிறார். அவள் உழைப்பில் மூன்று வேளையும் தட்டில் சோறு கண்ட கணவர் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அவர்கள் பற்ற வைக்கட்டும். கல்லூரியும் கொடுக்க வேண்டும்: வகுப்பு நேரத்தைப் பேருந்து நேரத்தோடு பொருத்துவது, கைக்குழந்தையோடு வருகிறவளுக்குத் தேர்வு மையத்தில் ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் தருவது. இவை பெரிய செலவுகள் அல்ல. செய்யாததற்குக் காரணம், அந்த மாணவியை யாரும் மனத்தில் வைத்துத் திட்டமிடாததுதான்.

படிக்கிற மகள்கள் இந்தப் புத்தகத்தை வாசிப்பீர்கள் என்று தெரியும். அம்மாவோ சித்தியோ விண்ணப்பத்தோடு வந்து நின்றால், எதற்கு என்று கேட்காதீர்கள். புதிதாகச் சேரும் எந்த மாணவியிடமும் கேட்பதைக் கேளுங்கள்: என்ன பாடம் எடுத்திருக்கீங்க, பரீட்சை எப்போ? பிறகு அந்தத் தேதியை அப்பாவிடமும் அண்ணனிடமும் சொல்லி வையுங்கள்.