வரமுடியல... வரலை!

சிட்னிக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம்?

'சுமார் 17,000 கிலோமீட்டர்' என்றால், நீங்கள் ஜியாகரபி வாத்தியார். 'ஒரு நாள் பயணம் சார்' என்றால், டிராவல் ஏஜென்ட். இரண்டும் சரி. முதல் பதில் மாறவே மாறாது. இரண்டாவது மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1919-ல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளுடன் லண்டன் அருகே கிளம்பி, ஆஸ்திரேலியாவின் டார்வினில் போய் இறங்க 28 நாள் பிடித்தது. 1947 டிசம்பரில் க்வான்டாஸ் நிறுவனம் சிட்னி-லண்டன் விமானத்தை விட்டபோது டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போனது. நாலு நாள். பயணிகள் 29 பேர், ஊழியர்கள் 11 பேர்! இன்றைக்கு நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறினாலும் சுமார் ஒரு நாள்தான்.

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு பக்கம் வரவு எழுதினால், இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். மிச்சமான இத்தனை நாட்களுக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதுவது?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 10 பவுண்டு கொடுத்தால் போதும் என்று பிரிட்டிஷ்காரர்களை அழைத்தது ஆஸ்திரேலியா. லட்சக்கணக்கானவர்கள் போனார்கள், பெரும்பாலும் கப்பலில், பல வாரப் பயணம். லிவர்பூலில் அம்மா செத்துப்போனால் மகனுக்குத் தந்தி வரும். அவன் கப்பல் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கல்லறையில் புல் முளைத்திருக்கும். யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க முடியாது. 'பாவம், அவனால வரமுடியல.' தூரம் அவனை மன்னித்துவிட்டது.

இன்றைக்கு அதே மகன் போகாவிட்டால் அந்த வாக்கியம் லேசாக மாறிவிடும். 'அவன் வரலை.'

பணமில்லாதவனுக்கு 17,000 கிலோமீட்டர் இன்றும் 17,000 கிலோமீட்டர்தான். ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள்? வேகம் நமக்கு வரவு. பற்றுப் பக்கத்தில் போன அயிட்டம், சாக்கு!

2020 மார்ச்சில், கொரோனாவுக்காக ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. குடிமக்களே வெளிநாடு போக விசேஷ அனுமதி வாங்கவேண்டும். 2021 நவம்பர் வரை இதே கதை. பெற்றவர்களின் இறுதிச் சடங்கைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து அழுதார்கள். 'வரமுடியல' மறுபடி நிஜமான வார்த்தை ஆனது.

அப்படித் தவித்தவர்களில் எத்தனை பேர், தடையில்லாத வருஷங்களில் 'அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டிருப்பார்கள்? குற்றம் சொல்லவில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

என் சித்தப்பா வீடு எங்கள் வீட்டிலிருந்து மூணு பஸ் ஸ்டாப். அவர் படுத்த படுக்கையாக இருந்த பத்து நாளும் போனில், 'வரமுடியல சித்தி, ஆபீஸ்ல வேலை' என்றேன். அது பொய்யில்லை, வேலை இருந்தது. பதினோராம் நாள் தகவல் வந்தது. உடனே கிளம்பிவிட்டேன். அன்றைக்கும் ஆபீஸில் அதே வேலை இருந்தது.

சித்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லியிருப்பேன்?