எப்போ போகலாம்?

வெளிநாட்டுச் சுற்றுலா என்று பேச்செடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி 'எங்கே?'. அடுத்தது, 'எவ்வளவு ஆகும்?'. மூன்றாவதாக வருவதுதான் வில்லங்கமான கேள்வி... 'எப்போ?'

ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். சகுரா எனப்படும் செர்ரிப் பூக்களைப் பார்ப்பதற்கென்றே உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே போகிறார்கள். டிராவல்ஸில் விசாரித்தால், "மார்ச் கடைசி, இல்லைன்னா ஏப்ரல் முதல் வாரம் போங்க சார். ரேட்தான் கொஞ்சம் ஜாஸ்தி!" என்பார்கள். லீவு சொல்லி, விசா வாங்கி, நாலு மாதம் முன்பே டிக்கெட்டும் எடுத்துவிடலாம். பூவுக்கு யார் தேதி குறிப்பது?

டோக்கியோவில், யசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு செர்ரி மரம் நிற்கிறது. வானிலைத் துறையின் 'சாம்பிள்' மரம் அது. சீசனில் அதிகாரிகள் வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார்கள். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் போதும், 'டோக்கியோவில் சகுரா பூத்தது' என்று அறிவித்துவிடுவார்கள். டி.வி. கேமராக்கள் சூழ நடக்கிற வைபவம் இது! அதிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் மரம் முழுக்கப் பூ. அதற்கடுத்த வாரம் உதிர ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் அந்தக் கணக்கும் காலி.

2023-ல் அந்த மரம் பூத்ததாக அறிவித்த தேதி மார்ச் 14. அடுத்த வருஷம், 2024-ல்? மார்ச் 29! அதே மரம்தான். பதினைந்து நாள் வித்தியாசம்.

கியோட்டோ நகரத்தின் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். அரண்மனைப் பிரபுக்களும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலிருந்து, 9-ம் நூற்றாண்டு தொட்டு அங்கே பூத்த தேதிகளைத் திரட்டியிருக்கிறார்கள். 2021-ல் அங்கே மார்ச் 26-ம் தேதியே மரங்கள் முழுசாகப் பூத்துவிட்டன. அதுவரையிலான 1,200 வருடப் பதிவில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. பூமி சூடாகிவருவதும் நகரம் பெருத்துப்போனதும் காரணம் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம் கொரோனாவால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜப்பானின் கதவு சாத்தியிருந்தது. பூக்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வந்தன, போயின.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, 2024 மார்ச் கடைசி வாரத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். முந்தைய வருடத் தேதிகளை எல்லாம் அலசி ஆராய்ந்து கணவர் குறித்த நாள். போய் இறங்கினால், எங்கு பார்த்தாலும் மொட்டு! 28-ம் தேதி ஊர் திரும்புகிறார்கள். 29-ம் தேதி அறிவிப்பு வருகிறது. மனிதர் நொந்துபோய்விட்டார். "ஆளுக்கு ரெண்டரை லட்சம் கொடுத்து மொட்டைப் பாத்துட்டு வந்திருக்கோம்!" என்று புலம்பித் தீர்த்திருக்கிறார். அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாராம்: "ஏங்க, போலாம் போலாம்னு பதினஞ்சு வருஷம் தள்ளிப்போட்டீங்க. அதுக்கு ஒருநாள்கூட நீங்க வருத்தப்படல. பூ பதினஞ்சு நாள் தள்ளிப்போனதுக்கா இவ்வளவு கோபம்?"

இந்தக் கேள்வியை என்னால் சுலபத்தில் தாண்டிப்போக முடியவில்லை.

'எப்போ?' என்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. அந்த ஊருக்கு எந்த மாதம் நல்லது என்பது ஒன்று. நமக்கு எந்த வயது நல்லது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை இன்டர்நெட்டைக் குடைகிறோம். இரண்டாவதைக் கேட்பதே இல்லை. 'ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பேங்க்கில் போட்ட டெபாசிட்டுக்கு மெச்சூரிட்டி தேதி அச்சடித்துத் தருகிறார்கள். முழங்காலுக்கு அப்படி யாரும் தருவதில்லை. கியோட்டோவின் கோயில் படிக்கட்டுகளோ, ஏறுகிறவரின் சர்வீஸ் ரெக்கார்டைப் பார்த்து உயரத்தைக் குறைத்துக்கொள்ளாது.

'கடமைன்னு ஒண்ணு இருக்கே சார்!' என்பீர்கள். இருக்கிறது. அப்பாவுக்கு ஆபரேஷன், பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஒத்திப்போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். கடன் வாங்கியாவது உடனே கிளம்பு என்று ஆசைகாட்டும் விளம்பரங்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல். ஆனால், நாம் தள்ளிப்போடுவது எல்லாமே கடமைக்காகத்தானா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இன்னொருவருக்கு நாம் தேவைப்படுவதால் தள்ளிப்போடுவது தியாகம். எல்லாம் குறையில்லாமல் அமையட்டும் என்று தள்ளிப்போடுவது பேராசை. பொறுப்பு என்கிற வேட்டியைக் கட்டிக்கொண்டு வருவதால், நமக்கு அடையாளம் தெரிவதில்லை. பல வீடுகளில் கடன்கள் அடைந்து, பெண் கல்யாணமும் முடிந்து, அதற்குப் பிறகும் 'சரியான நேரம்' வராமலே இருக்கிறது.

இன்னொன்று. முழுசாகப் பூத்த மரம் மட்டும்தான் அழகு என்று ஜப்பானியர்கள் நினைப்பதில்லை. காற்றில் இதழ்கள் பனிப்புயல்போல் பறப்பதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உதிர்ந்த இதழ்கள் தண்ணீரில் தெப்பம்போல மிதந்தால் அதற்கொரு பெயர். பூ உதிர்ந்து இளந்தளிர் விட்ட மரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. நாம் 'சீசன் முடிஞ்சுபோச்சு' என்று சொல்கிற நாளை, அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பணம் கட்டியவருக்கு உச்சம் மட்டும்தான் வேண்டும். பார்க்க வந்தவருக்கு அன்றைக்கு இருப்பது போதும்.

ஜப்பானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பலருக்கு அது கட்டுப்படியாகாது. குற்றாலத்துக்கும் இதே கணக்குதான்.

எந்த மாதம் என்பதை டிராவல்ஸ்காரரிடம் கேளுங்கள். எந்த வருடம் என்பதை மட்டும், பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வரப்போகிறவரிடம் கேளுங்கள்!